உள்பக்கத் தாழ்ப்பாள்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் அடிபட்டு வந்த பெண்ணை ஆஸ்பத்திரியில் படம் எடுப்பார்கள், போலீஸ் ஸ்டேஷனிலும் எடுப்பார்கள். வழக்குக்கு அது தேவைதான். ஆனால் அங்கேயும் அவள் யாரோ சொன்னபடி திரும்பி, சொன்னபடி சேலையை விலக்கி நிற்கிறாள். கேமரா அவள் கையில் இருந்தால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1984இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின், காதலனிடம் அடிபட்ட ஒரு மாதம் கழித்துத் தன்னையே பதிவு செய்தார். கண்ணில் ரத்தச் சிவப்பு இன்னும் போகவில்லை. உதட்டில் சாயம், காதில் தொங்கட்டான், கழுத்தில் முத்துமாலை. பார்வை நேராக நம்மேல். அவனிடம் திரும்பிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் படம் என்று பின்னாளில் சொன்னார்.

1990களில் சீனாவின் யுனான் மாகாணத்தில் கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர், கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்து அவர்கள் வாழ்க்கையை அவர்களையே எடுக்கச் சொன்னார்கள். படத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான் அதில் முக்கியம். 'ஃபோட்டோவாய்ஸ்' என்று பெயர் பெற்ற அந்த முறையைப் பிறகு வன்முறையிலிருந்து மீண்டவர்களோடும் பலர் பயன்படுத்தினார்கள்.

வீட்டில் அடிபட்டு வெளியே வந்த பெண்களுக்கான எங்கள் குழுவிலும் அதையே செய்கிறோம். படம் எடுக்கிறவர்களிடம் சொல்வது இதுதான்: முகம் வேண்டாம், விட்டு வந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம், வீட்டுக்காரர் எடுத்துப் பார்க்கக்கூடிய போனில் படத்தை வைக்க வேண்டாம். போனில் எடுத்த படத்துக்குள் இடமும் பதிவாகலாம், அதை அணைத்துவிட வேண்டும். பேச்சு கனத்துப்போனால் நிறுத்திவிடுவோம், பக்கத்தில் மனநல ஆலோசகர் இருப்பார். படம் அவருக்கு மாற்று இல்லை. இப்போது அவசர உதவி தேவைப்படுகிறவர்கள் தமிழ்நாட்டில் 181க்கு அழைக்கலாம்.

ஒரு தங்கச்சி இரண்டு வாரம் எதுவுமே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரே ஒரு படம்: கதவுத் தாழ்ப்பாள். பச்சை பெயின்ட் உரிந்து, விரல் படும் இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. "இதுல என்னம்மா தெரியுது?" என்றேன்.

"இது உள்பக்கம் இருக்குக்கா. அந்த வீட்ல தாழ்ப்பாள் வெளியிலதான்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பக்கத்தில் இருந்த அம்மா அந்தப் படத்தை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

கண்காட்சி வைத்தபோது அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு முதல் சுவரில் மாட்டியிருந்தோம். திறப்பதற்கு முந்தின நாள் வந்து பார்த்தாள். "வேண்டாங்கா" என்றாள். சரி என்று இறக்கி, சட்டத்தைக் கழற்றிக் கொடுத்தோம். ரேஷன் கார்டு உறைக்குள் மடங்காமல் செருகிக்கொண்டு போனாள். அந்த ஆணி மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. வேறு படம் மாட்ட எங்களுக்கு மனசு வரவில்லை.