துணிவை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பெருந்தொற்றுக் காலத்தில் மனத்தைக் காத்தது மன உறுதியா, அன்றாட ஒழுங்கா?" என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் "நெஞ்சில் துணிவிருந்தால் கொரோனாவும் கும்பிட்டுவிட்டுப் போகும்" என்று முழங்கிக் கைதட்டல் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பவர் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்று நாள் முழுக்கச் செய்தி. வீட்டுத் தனிமையில் இருப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. "தைரியமா இருப்பா, நல்லா இழுத்து விடு" என்கிறார்கள். அவரும் வேகவேகமாக இழுக்கிறார். தப்பு அங்கேதான். அப்படி இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். 'நுரையீரலுக்குப் போயிடுச்சு' என்று பயம் இரட்டிப்பாகும். மூச்சு இன்னும் வேகமெடுக்கும்.

இந்த இடத்தில் வேண்டியது செய்முறை, நடுவரே! கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டி, ஒரு நிமிடம் அசையாமல் இருந்து அளவைப் பார்க்க வேண்டும். 94 சதவீதத்துக்குக் கீழே என்றால் வீரம் பேசாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ விடாமல் இருந்தால் அப்போதும் போகத்தான் வேண்டும். வெறும் படபடப்புத்தானா? மூக்கு வழியே நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளும்போதுதான் நாடித்துடிப்பு தணியும்.

அடுத்தது தூக்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பள்ளி மணி, பஸ் நேரம், ஆபீஸ் நேரம் எல்லாம் ஒரேயடியாகப் போயின. எழுவது தள்ளிப்போனால் இரவு உறக்கமும் தள்ளிப்போகும்; நள்ளிரவில் கையில் செல்போன், அதில் சாவுக் கணக்கு. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ இருபது நிமிடம் வெளிச்சம் படட்டும். பிற்பகல் மூன்றுக்குமேல் காபி வேண்டாம். படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் பாயைப் பார்த்ததும் கவலைப்பட மூளை பழகிவிடும். செய்தி இரண்டு வேளை, வேளைக்குக் கால் மணி நேரம். பேமிலி குரூப்பில் வந்த கஷாயக் குறிப்புகளைப் படிக்க மட்டும் துணிவு வேண்டும், அதை எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்.

மன உறுதி என்ற பேச்சே உயிருக்கு உலை வைத்த இடமும் உண்டு. மதுக்கடைகளை மூடியதும் "இதான் சமயம், வைராக்கியமா விட்டுடு" என்றார்கள். பல ஆண்டுகள் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாத உருவம் கண்ணில் தெரிவது, ஆள் அடையாளம் குழம்புவது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அவருக்கு வேண்டியது மருத்துவமனைப் படுக்கை, தயாமின் (வைட்டமின் பி1) ஊசி, படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை.

"ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஏதய்யா ஒழுங்கு?" என்று எதிரணி கேட்கும். நியாயம்தான், கடினம்தான். அங்கே முழு அட்டவணை நடக்காது; எழும் நேரமும் சாப்பாட்டு நேரமும் மாறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு வாரமாகியும் சோர்வு விலகவில்லை, பசியும் தூக்கமும் கெட்டது கெட்டபடியே இருக்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகும். நாலாம் நாளே 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்று தமிழ்நாட்டில் 104 என்ற உதவி எண் இருந்தது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி, நடுவரே. தொற்றின் முதல் ஆண்டில் உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. அத்தனை பேருக்கும் ஒரே ஆண்டில் துணிவு வற்றிப்போனதா? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.