நல்ல முடிச்சு அகப்படும்வரை
(இராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில், பங்கு மக்களின் சிறு குழுவான ஓர் அன்பியத்தின் கூட்டத்தில் பேசியது)

அன்பியத்துச் சகோதர சகோதரிகளே,

ஏப்ரல் 15இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையில் எங்கே பார்த்தாலும் வலை. வலைக்கு நடுவில் ஊசியும் கையுமாக நம் ஆட்கள். அதனால் வலையை வைத்தே பேசிவிடுகிறேன்.

இயேசு கூப்பிட்ட நேரத்தில் யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். கிரேக்க மூலத்தில் அந்த வேலைக்கு உள்ள சொல் 'கதார்த்திட்சோ'. குற்றத்தில் அகப்பட்டவரைக் கனிந்த மனத்தோடு திருத்துங்கள் என்று பவுல் கலாத்தியருக்குச் சொல்கிறாரே, ஆறாம் அதிகாரம் முதல் வசனம், அங்கேயும் அதே சொல்தான். வலைக்குச் செய்வதை மனிதருக்கும் செய்யச் சொல்கிறார்.

வலை கட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழிசலை அப்படியே இழுத்துப் பிடித்துக் கட்ட முடியாது. நைந்த நூலையெல்லாம் முதலில் அறுத்தெடுக்க வேண்டும். ஓட்டை பெரிதாகத்தான் ஆகும். பார்க்கிற பிள்ளைகள் பயந்துபோகும். நல்ல முடிச்சு கைக்கு அகப்படும்வரை அறுத்து, அங்கிருந்து கண் கண்ணாகக் கட்டி வர வேண்டும். இது தெரிந்த நாம், மனஸ்தாபம் என்று வந்தால் மட்டும் நைந்த நூலிலேயே முடிச்சுப் போடுகிறோம். "சரி விடுங்க, பழசைப் பேசாதீங்க" என்போம். அடுத்த பாட்டிலேயே, அடுத்த முறை வலை வீசும்போதே, அது பிரிந்துவிடும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். மச்சான் முறையுள்ள ஒருவரோடு சேர்ந்து வள்ளம் வைத்திருந்தேன். பங்குக் காசில் தகராறு. இரண்டு வருடம் பேச்சு இல்லை. திருப்பலியில் ஒருவருக்கொருவர் அமைதியைச் சொல்லும் நேரத்தில் அவர் இருக்கும் பக்கம் திரும்பாமலே கும்பிடுவேன். அந்தக் கையாலேயே நற்கருணையும் வாங்கினேன். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஒரு தடைக்காலத்தில் நான் தனியாக வலை கட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலையின் மறுமுனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஊசியில் நூல் ஏற்றினார். வெகுநேரம் கழித்து, "அந்த ஐப்பசிப் பாட்டுக் கணக்குலருந்து சொல்லு" என்றார். சொன்னேன். அவரும் சொன்னார். குரல் உயர்ந்தது, வீட்டுக்காரி வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். ஆனால் இரண்டு பேருமே ஊசியைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் பார்த்தால், கணக்கில் தப்பு என்னுடையது.

இந்த ஊர் எல்லையோடு இது நிற்கவில்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இங்கிருந்தும் போகிறோம், அக்கரையிலிருந்தும் வருகிறார்கள். செபம் ஒன்று, மொழி ஒன்று. ஆனால் நம் விசைப்படகு இழுத்துப் போகும் இழுவை மடி வலை அவர்கள் வலையை அறுத்துப்போகிறது என்பது அவர்களுடைய தீராத வேதனை. நம் பிள்ளைகள் பிடிபட்டுச் சிறையில் கிடப்பது நம் வேதனை.

ஒருமுறை சிலுவைப்பாதை முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கட றோலர் படகு வந்து என்ட வலை முழுக்கப் போயிட்டுது, தம்பி" என்றார். 'அது என் படகில்லை' என்று வாய்வரைக்கும் வந்தது. என் மச்சான் ஊசியோடு உட்கார்ந்தது ஞாபகம் வந்து, "எப்போய்யா, எப்படி? முழுசாச் சொல்லுங்க" என்றேன். சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. "எங்களை மன்னிச்சிருங்கய்யா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பையைத் திறந்து, கொண்டு வந்திருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தார்.