பீடி பிடித்தது அவர், இளைப்பு அக்காவுக்கு: காசிமேட்டு முகாமிலிருந்து

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற கூச்சல் சண்டை இல்லை. "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று ஹாலுக்குள் டெக்னீஷியன் அண்ணன் தொண்டை கிழியக் கத்துகிறார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இன்றைக்கு இலவச நுரையீரல் பரிசோதனை முகாம். நான் வாசலில் நின்று பேசுகிறேன். உள்ளே கேமராவைத் திறக்கவில்லை. ஊதும்போது முகம் போகிற கோணலை யாரும் யூட்யூபில் பார்க்க ஆசைப்பட மாட்டார்கள்.

விஷயம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் சிஓபிடி என்பார்கள். நம் ஏரியாவில் இதை யாரும் நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "வயசாயிடுச்சுப்பா", "அது பீடி இருமல்", "காலையில சளி கட்டும், டீ குடிச்சா போயிடும்" என்று வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் இதனால் 35 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். உயிரைப் பறிக்கும் காரணங்களில் உலக அளவில் நாலாவது இடம்.

முகாம் என்றால் வரிசையில் நிற்கிற எல்லாரையும் ஊதச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதல் மேசையில் ஒரு நர்ஸ் அக்கா கேள்வியாகக் கேட்கிறார். வயது நாற்பதைத் தாண்டியதா, பீடி சிகரெட் உண்டா, விறகு அடுப்பா, தூசு புகையில் வேலையா, முன்னாடி டிபி வந்து மருந்து சாப்பிட்டதுண்டா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. "வீடியோவுக்காக நானும் ஊதுறேனே அக்கா" என்றேன். "உனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே தம்பி, அந்த நேரத்துல அந்தப் பெரியவரைப் பார்த்துடலாம்" என்று ஓரம் கட்டிவிட்டார். சரியான பேச்சு. தொந்தரவே இல்லாதவர்களை எல்லாம் சோதித்துப் பெரிய பலன் இல்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதலும். தேட வேண்டியது அறிகுறி இருப்பவர்களை, புகையிலும் தூசிலும் காலம் தள்ளியவர்களை.

அப்படி வந்தவர்தான் நான் சொல்லப்போகிற அக்கா. பேர் வேண்டாம், ஆனால் கதையைச் சொல்லிக்கோ என்றார். வீட்டு வாசலில் இட்லிக் கடை. வீட்டுக்குள் கேஸ் இருக்கிறது. வியாபாரத்துக்கு இன்றைக்கும் விறகுதான், கட்டுப்படியாக வேண்டுமே. இங்கே வந்தது புருஷனைக் காட்ட. "எனக்கு இன்னா தம்பி, நான் பீடியா குடிக்கிறேன்? இவருதான் கட்டுக் கட்டா ஊதித் தள்றாரு" என்றார். நர்ஸ் அக்கா அடுப்பைப் பற்றிக் கேட்டதும் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டார்.

மூக்கில் ஒரு கிளிப். வாயில் புதுக் குழாய், ஒருவருக்கு ஒன்று, முடிந்ததும் குப்பையில். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில் வெடித்த மாதிரி ஊத வேண்டும். அதோடு விடக் கூடாது, ஆறு செகண்டாவது தொடர வேண்டும். அதற்குத்தான் அந்தக் கத்தல். மூன்று தடவையாவது ஒழுங்காக ஊதினால்தான் கணக்கு. மொத்தமாக வெளியே வந்த காற்றில் முதல் ஒரு செகண்டில் எவ்வளவு வந்தது என்று மிஷின் பார்க்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்கிறார்கள். அப்போதும் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் குழாயில் நிரந்தர அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். மருந்துக்கு நன்றாக விரிந்துகொடுத்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம்.

அக்காவின் புருஷன், அந்தப் பீடி அண்ணனுக்கு நம்பர் நன்றாகவே வந்தது. அக்காவுக்கு மருந்துக்கு அப்புறமும் 70-ஐத் தொடவில்லை. அண்ணன் சிரித்தார் பாருங்கள், டாக்டரம்மா விட்ட டோஸ் வாசல் வரை கேட்டது. "இன்னிக்கு நம்பர் நல்லா இருக்குன்னா பீடிக்கு லைசென்ஸ் குடுத்துட்டேன்னு அர்த்தமா?"

அக்கா பையிலிருந்து ஒரு எக்ஸ்ரேயை எடுத்தார். "இதுல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே." இதைக் கவனியுங்கள் மக்களே. ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே பளிச்சென்றே இருக்கும். துவைத்துத் துவைத்துத் தொய்ந்துபோன எலாஸ்டிக் மாதிரி நுரையீரல் தன் இழுவையை இழந்திருப்பது படத்தில் தெரியாது, ஊதினால்தான் தெரியும். போன இழுவை திரும்பி வராது. ஆனால் புகையை நிறுத்தினால் மேலும் கெடும் வேகம் குறையும். மருந்தால் இளைப்பு குறையும், வேலைவெட்டி பார்க்கலாம்.

மருந்து என்றதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பம்பு போட்டா பழகிடுமாமே?" வடசென்னையில் பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் இன்ஹேலரைப் பீரோவில் பூட்டி வைக்கிறார்கள். அது போதைப் பழக்கம் இல்லை. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. பம்பு மருந்து நேராக நெஞ்சுக்குப் போகிறது, அளவும் குறைவு. ஆனால் போடுகிற விதம் முக்கியம். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். ஸ்டீராய்டு பம்பு என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். முகாமில் காலி பம்பைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஏற்கனவே பம்பு வைத்திருந்த ஒரு தாத்தா வாயைத் திறந்து நாக்கின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மருந்து வேலை செய்யவில்லை என்றால் எப்படிச் செய்யும்?

பீடியை மட்டும் திட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை நான். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை ஐகோர்ட் உத்தரவால் 2011-ல் நிறுத்தினார்கள். சரக்கு எண்ணூர்ப் பக்கம் போனது. அங்கே மட்டும் மனுஷர் இல்லையா? மணலியில் ஆலைகள், கொடுங்கையூரில் குப்பைமேடு, ராப்பகலாகக் கன்டெய்னர் லாரிகள். இந்தக் காற்றைத் திருத்தாமல் மக்களை மட்டும் வரிசையில் நிறுத்தி ஊதச் சொல்வது பாதி வேலைதான். ஆனாலும் அந்தப் பாதி இல்லையென்றால் அக்காவுக்குத் தன் நெஞ்சில் என்ன நடக்கிறதென்றே தெரிந்திருக்காது.

நீங்களும் இப்படி முகாமுக்குப் போவதென்றால், ஒரு மணி நேரம் முன்பிருந்தே புகை பிடிக்காதீர்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர்கள், கண்ணிலோ வயிற்றிலோ ஆபரேஷன் செய்தவர்கள், சளியில் ரத்தம் பார்த்தவர்கள் முதல் மேசையிலேயே சொல்லிவிடுங்கள், ஊத வேண்டாம்.

முகாம் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். அதையும் பழைய எக்ஸ்ரேயையும் சாப்பிடுகிற மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே போய், நெஞ்சு நோய்ப் பிரிவு என்று கேட்டு ஓபி சீட்டு போடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கிடையாது. அக்கா திங்கட்கிழமை போகிறாராம், கடைக்கு அன்றைக்கு லீவு. இட்லியை அண்ணன் ஊற்றட்டும் என்றேன், அவர் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். நான் கிளம்புகிறேன்.