ஃப்ளாப்பி, வீசீடி, டிவிடி எல்லாத்தையும் எதுல மாத்தி வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டை, டவுன், பேட்டைன்னு நம்ம பக்கம் டிடிபி சென்டர் வச்சிருந்தவங்க, ஸ்டுடியோ வச்சிருந்தவங்க வீட்டு பரண்ல ஒரு அட்டைப்பெட்டி கண்டிப்பா கெடக்கும். உள்ள ஃப்ளாப்பி, வீசீடி, கல்யாண டிவிடி. அத எதுல மாத்தணும், எப்படி மாத்தணும்னு இன்னிக்கு சொல்லுதேன்.

மொதல்ல எடம் எவ்வளவு வேணும்னு கணக்குப் போடுங்க. மூணரை இஞ்ச் ஃப்ளாப்பி ஒண்ணு 1.44 எம்பி. 200 ஃப்ளாப்பி சேந்தாலும் 300 எம்பி வராது. டிவிடி அப்படி இல்ல. ஒண்ணு 4.7 ஜிபி வரைக்கும் இருக்கும், 60 டிவிடின்னா 280 ஜிபி பக்கத்துல வந்துரும். அதனால டிவிடிய எண்ணித்தான் சைஸ முடிவு பண்ணணும். கடையில 1 டிபின்னு வாங்குனது விண்டோஸ்ல 931 ஜிபின்னு காட்டும். ஏமாத்து இல்ல, எண்ணுற கணக்கு வேற, அவ்வளவுதான்.

இப்ப எதை வாங்க? நெறையப் பேரு பென்டிரைவ்ல போட்டு பீரோவுல வச்சிரலாம்னு நெனைக்கிய. வேண்டாம். பென்டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) மூணுமே டேட்டாவ மின்னூட்டமா புடிச்சு வைக்கிற சாதனம். கரண்ட் இல்லாம சும்மா கெடந்தா அந்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமா கசியும், சூட்டுல இன்னும் வெரசா கசியும். சாதாரண எஸ்எஸ்டிக்கு உள்ள தரக்கணக்கே, எழுதி எழுதி ஆயுசு முடிஞ்ச நெலமையில 30 டிகிரியில ஒரு வருசம் தாங்கணும்ங்கதுதான். புதுசுன்னா அதவிட ரொம்ப நாள் தாங்கும். ஆனா நம்ம ஊரு மே மாசத்துல மூடுன பீரோவுக்குள்ள என்ன சூடு இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

வச்சுப் பாதுகாக்க என் தேர்வு ரெண்டரை இஞ்ச் வெளி ஹார்ட் டிஸ்க். ஒண்ணு இல்ல, ரெண்டு. பென்டிரைவ் கொண்டு போக, கொண்டு வர மட்டும். எஸ்எஸ்டி தினமும் எடிட்டிங் பாக்கிறவங்களுக்கு நல்லது, கீழ விழுந்தாலும் தாங்கும். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மட்டும் அசைக்கவே கூடாது, உள்ள தட்டு சுத்திக்கிட்டு இருக்கு. பழைய டெஸ்க்டாப்ல மாட்டும்போது 'டிக் டிக்'குன்னு சத்தம் கேட்டா ஒடனே டிஸ்க் போச்சுன்னு நெனைக்காதிய. கரண்ட் பத்தலன்னாலும் அந்தச் சத்தம் வரும். யுஎஸ்பி 2 போர்ட்டு 500 மில்லிஆம்ப்தான் குடுக்கும், யுஎஸ்பி 3 தான் 900. வயர மாத்தி, பின்பக்க போர்ட்டுல குத்திப் பாருங்க.

வாங்குன அன்னிக்கே சோதிக்கணும், குறிப்பா பென்டிரைவ. 32 ஜிபிய 512 ஜிபின்னு காட்டுற போலி நெறைய வருது. உண்மையான எடம் நெறஞ்ச பெறவும் காப்பி ஆகிக்கிட்டே இருக்கும், பேரெல்லாம் தெரியும், தொறந்தா ஒண்ணும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. முழுசா எழுதி, திரும்பப் படிச்சுப் பாக்கும். மணிக்கணக்குல ஆனாலும் விடுங்க. அடுத்து ஃபார்மேட். ஃபேட் 32ல இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஒத்த ஃபைலு போகாது. டிவிடி இமேஜ், அதாவது முழு டிவிடியையும் அப்படியே ஒத்த ஃபைலா எடுத்தது, அங்கதான் முட்டி நிக்கும், எடம் காலியா கெடந்தாலும். வச்சுக்கிற டிஸ்க்க என்டிஎஃப்எஸ்ஸாவும், கொண்டு போற பென்டிரைவ எக்ஸ்ஃபேட்டாவும் வைங்க.

சரி, ஃப்ளாப்பிக்கு வருவோம். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் மூணரை இஞ்ச்ச மட்டுந்தான் படிக்கும், அஞ்சேகால் இஞ்ச்சுக்கு பழைய டிரைவே வேணும். போடுறதுக்கு முந்தி ரெண்டு வேலை. மூலையில உள்ள சின்னக் கதவ தள்ளி ஓட்டை தெரியுற மாதிரி வைங்க, அப்பத்தான் அதுல எதுவும் எழுத முடியாது. பெறவு ஃப்ளாப்பியோட தகரத் தகட்ட ஒதுக்கி, நடு வட்டத்த மெதுவா சுத்திப் பாருங்க. வெள்ளப் புள்ளி தெரிஞ்சா பூஞ்சணம். அப்படியே போட்டியன்னா டிரைவோட ஹெட்டுல (ஃப்ளாப்பிய படிக்கிற முனை) ஒட்டி, அடுத்து போடுற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சுக்குச்சி தொட்டு லேசா தொடச்சு, காஞ்ச பெறவு போடுங்க. ஹெட்டையும் அதே மாதிரி தொடைங்க.

விண்டோஸ் 'ஃபார்மேட் பண்ணவா'ன்னு கேக்கும். வேண்டாம்னு குடுங்க! வேற டிரைவுல போட்டுப் பாருங்க. எழுதுன டிரைவும் படிக்கிற டிரைவும் ஹெட் வரிசை ஒத்துப் போகலன்னாலும் அப்படித்தான் கேக்கும். ஃபைல் ஃபைலா எடுக்காம வின்இமேஜ்ங்கிற சாஃப்ட்வேர்ல முழு ஃப்ளாப்பியையும் இமேஜா எடுங்க. 1.44 எம்பி ஃப்ளாப்பின்னா சரியா 14,74,560 பைட் இருக்கணும். அடம்பிடிக்கிற ஃப்ளாப்பிக்கு லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூங்கிற சாஃப்ட்வேர் நல்லது, நல்ல பகுதிய முதல்ல எடுத்துட்டு, கெட்ட எடத்துக்கு திரும்பத் திரும்ப வரும்.

இப்ப முக்கியமான ஒண்ணு, தயவுசெஞ்சு கவனிங்க. அந்தக்கால தமிழ் ஃபைலெல்லாம் இப்ப எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடுற யுனிகோட் எழுத்து முறை கெடையாது. பாமினி ஃபான்ட், இல்லன்னா 1999ல வந்த டாம், டாப்ங்கிற எழுத்து முறை, இல்லன்னா அந்தந்த சாஃப்ட்வேரோட சொந்த எழுத்து. ஃபைல மட்டும் எடுத்து ஃபான்ட்ட விட்டியன்னா, கோயில் கொடை நோட்டீசு, ஊர்ச்சங்கக் கணக்கு எல்லாம் வெறும் இங்கிலீசு எழுத்து குப்பையாத்தான் தெரியும். பழைய கம்ப்யூட்டர ஆக்கருக்குப் போடுறதுக்கு முந்தி அதோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர முழுசா காப்பி எடுத்து, இமேஜ் பக்கத்துலயே வைங்க. முடிஞ்சா பேஜ்மேக்கர்ல தொறந்து பிடிஎஃப் ஒண்ணும் போட்டுருங்க.

வீசீடில உள்ள வீடியோவுக்கு, டேட்டா சீடிக்கு இருக்கிற கூடுதல் பிழைதிருத்தம் கெடையாது. கீறல்ல காப்பி பாதியில நின்னா ஐஎஸ்ஓபஸ்டர்ங்கிற சாஃப்ட்வேர்ல எடுங்க. சீடில பேரு எழுதுற மேல் பக்கம்தான் மென்மை, ஒட்டுன லேபிள உரிச்சா வெள்ளிப்படலமும் கூட வந்துரும். டிவிடிய முழுசா ஐஎஸ்ஓ இமேஜா எடுத்தா போதும்.

காப்பிய டெராகாப்பிங்கிற சாஃப்ட்வேர்ல சரிபாக்குற டிக் போட்டு எடுங்க. ரெண்டாவது டிஸ்க்க வேற ஊர்ல வைங்க. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழ, தாமிரபரணி கரையத் தாண்டி ஊருக்குள்ள வந்துச்சு. வண்ணார்பேட்டையில ஒண்ணு இருந்தா தென்காசியில ஒண்ணு இருக்கட்டும், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட காத்துப்புகாத டப்பாவுல. பொங்கலுக்கு ஒருக்கா ரெண்டையும் மாட்டி, நாலஞ்சு ஃபைல தொறந்து பாருங்க. ரெண்டு காப்பியும் தொறக்குன்னு பாத்த பெறவுதான் பரண்ல உள்ள பெட்டியில கை வைக்கணும்.