வாக்குமூலம் யாருடையது?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இன்றைய அமானுஷ்யக் காதல் புனைவுகளில் வரும், உறங்கும் பெண்ணைக் கூடும் ஆண் பிசாசான இன்குபஸும், உறங்கும் ஆணைக் கூடும் பெண் பிசாசான சக்குபஸும் பெண்மீது சுமத்தப்பட்ட பழைய பழியைத் துடைக்கின்றனவா, புதுப்பிக்கின்றனவா என்பது நம்முன் உள்ள வழக்கு. துடைக்கின்றன என்ற அணியில் நின்று பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், உறங்கும் ஆணைக் கூடி உயிராற்றலை உறிஞ்சும் சக்குபஸைக் காட்டி, "ஆசையுள்ள பெண் ஆளைத் தின்பாள் என்ற வசையைத்தானே பளபளப்பான அட்டை போட்டு விற்கிறார்கள்?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் அந்த வசையை எழுதியவர் யார் என்ற கேள்விக்குள் அவர் நுழையவே இல்லை.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ், ஒரே பிசாசு சக்குபஸாகி ஆணிடம் விந்தைப் பெற்று, இன்குபஸாகிப் பெண்ணிடம் சேர்க்கக்கூடும் என்றும், பிறக்கும் பிள்ளை அந்த ஆணுக்கே உரியது என்றும் எழுதினார். வாரிசுக் கணக்கில்கூடப் பிசகாத அறிஞர்! அதன்பின் 1486 வாக்கில், ஹைன்ரிஷ் கிராமர் என்ற விசாரணைத் துறவி, சூனியக்காரிகளை ஒடுக்கும் வழிகளைச் சொல்லும் 'மல்லேயுஸ் மலேஃபிகாரும்' நூலில், சூனியம் அனைத்தும் பெண்ணின் தீராத காமத்திலிருந்தே பிறக்கிறது என்று அடித்துச் சொன்னார். பின்னர் நடந்த விசாரணைகளில், பிசாசோடு படுத்தேன் என்று பெண்களை வதைத்துச் சொல்லவைத்தார்கள். அந்த வாக்குமூலங்களில் வாய் மட்டுமே அவளுடையது.

இலக்கியத்திலும் நெடுங்காலம் இதே நிலைதான். 1836இல் தியோஃபில் கோத்தியே எழுதிய பிரெஞ்சுக் கதையை எடுத்துக்கொள்வோம். அதன் நாயகி கிளாரிமோந்தை இரத்தக்காட்டேரி என்பார்கள். இரவில் வந்து மயக்கும் முறையில் அவள் சக்குபஸுக்கு உடன்பிறந்தவள். உறங்குவதாகக் காதலன் பாசாங்கு செய்கையில், அவள் ஊசியால் அவன் கையை மெல்லக் குத்துகிறாள். அவனுக்குத் தீங்கு நேரக்கூடாதே என்று கலங்கியபடி, தான் உயிர்வாழப் போதுமான சில துளிகளை மட்டும் பருகிவிட்டு, காயத்துக்கு மருந்திட்டுத் துணி சுற்றுகிறாள். இவ்வளவு கரிசனம் காட்டியவளுக்குக் கிடைத்த பரிசு என்ன? மூத்த பாதிரியார் ஒருவர் கல்லறையைத் தோண்டிப் புனித நீர் தெளிக்க, அவள் தூளாகிப் போகிறாள். கதையைச் சொல்பவனோ அந்தக் காதலனே, ரோமுவால் என்ற பாதிரியார். பெண்ணை ஏறிட்டும் பார்க்காதே என்று அறிவுரை சொல்லி முடிக்கிறார். ஊசி பிடித்த விரல்கள் நடுங்கினவா என்று அவளைக் கேட்க அந்தக் கதையில் ஆளில்லை.

இனி 2007க்கு வாருங்கள். ரிச்செல் மீட் எழுதிய 'சக்குபஸ் ப்ளூஸ்' நாவலின் நாயகி ஜார்ஜினா கின்கெய்ட், சியாட்டில் நகரப் புத்தகக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் சக்குபஸ். அவள் நெருங்கினால் ஆணின் உயிராற்றல் குறையும், சாபம் பழையதேதான். ஆனால் கதை முழுவதையும் "நான்" என்று சொல்பவள் அவளே. தனக்குப் பிடித்த எழுத்தாளர் சேத்தின்மீது காதல் கொண்டபின், அவனுக்குச் சேதம் வருமே என்பதற்காகத் தன் ஆசையைத் தானே தடுத்து நிறுத்துகிறாள். தீராத காமம் என்று கிராமர் எழுதியதற்கு, காமமே தொழிலாக விதிக்கப்பட்டவள் தரும் பதில் இது. கிளாரிமோந்திடமும் கரிசனம் இருந்தது, ஆனால் அதை நாம் பாதிரியார் வழியாகவே அறிந்தோம். ஜார்ஜினாவின் தயக்கத்தை அவள் வாயாலேயே கேட்கிறோம்.

எதிரணியின் வலுவான வாதத்தையும் நான் தவிர்க்கப் போவதில்லை. உறங்குகிறவளின் விருப்பத்தைக் கேளாமல் மேல்விழும் இன்குபஸை அழகனாக்கி, அதையே காதல் என்று விற்கும் கதைகள் உண்டு. அவற்றுக்காக வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் அவற்றில் இருப்பது கிராமர் காலத்துப் பழி அன்று. அங்கே பிசாசு மேல்விழுந்தாலும் குற்றவாளி அவள். இங்கே அவன் செய்ததைக் குற்றம் என்று அடையாளம் கண்டு கண்டிக்க நம் நண்பருக்கே முடிகிறது. விருப்பம் கேட்கப்பட்டதா என்ற அளவுகோலை வைத்துத்தான் அவர் அந்த நூல்களை நிராகரித்தார். அதே அளவுகோலால் ஜார்ஜினாவையும் அளந்துவிட்டு, அவள் எங்கே தவறினாள் என்று அடுத்த சுற்றில் சொல்லட்டும்.

அந்தப் பதிலைக் கேட்டபின் தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி.