எழுத்து முடிந்தால் கலியாணம் முடிந்தது

நேயர்களுக்கு வணக்கம்.

கடல் கடந்து இருக்கும் இரண்டு பேர் திருமணம் செய்துகொண்டு ஓரிடத்தில் சேர்வதற்கு என்ன வழிகள் உண்டு என்று பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். நான் வழக்கறிஞன் அல்ல. மொழிபெயர்ப்பாளன். கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய அறையில் பத்தொன்பது வருடங்களாக இருந்துகொண்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாக அத்தாட்சிப் பத்திரம், கடிதங்கள், இப்போது வாட்ஸ்அப் செய்திகள் என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுக்கிறேன். சட்டம் கேட்பதென்றால் சட்டம் படித்தவரிடம் போங்கள். ஆனால் விண்ணப்பங்கள் எங்கே இடறி விழுகின்றன என்பது என் மேசையில் இருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்கள் அடிக்கடி இடறுவது ஒரே கல்லில்தான். அந்தக் கல்லின் பெயர் எழுத்து.

தமிழ்நாட்டு நேயர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விளக்கம். பதிவுத் திருமணத்தை யாழ்ப்பாணத்தில் எழுத்து என்போம். "எழுத்து முடிந்துவிட்டது, கலியாணம் ஆவணியில்" என்று எங்கள் வீடுகளில் சாதாரணமாகச் சொல்வார்கள். பதிவாளர் வந்து, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, சாட்சிகளும் வைத்து, பலகாரம் சாப்பிட்டு, பிறகு பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். ஊரின் கண்ணுக்கு அவர்கள் இன்னும் கலியாணம் கட்டாதவர்கள். பொன்னுருக்கி, தாலி ஏறினால்தான் கணவன் மனைவி.

சட்டத்துக்கு இந்த நுணுக்கம் தெரியாது. பதிவாளரின் புத்தகத்தில் மை காய்ந்த நொடியிலிருந்து அவர்கள் கணவன் மனைவி. இலங்கைச் சட்டத்துக்கும் அப்படித்தான், கனடாவின் குடிவரவுச் சட்டத்துக்கும் அப்படித்தான்.

இதை நான் ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு பெண் பிள்ளையின் கோப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். பெற்றோருக்குக் கனடா வர வழி கிடைத்தது. இருபத்திரண்டு வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத பிள்ளை என்ற வகையில் அவளையும் விண்ணப்பத்தில் சேர்த்திருந்தார்கள். ஊரில் அவளுக்கு ஒருவர் இருந்தார். பிரிந்துவிடுவோமோ என்ற பயத்தில், வீட்டுக்குத் தெரியாமல், இரண்டு நண்பர்கள் சாட்சியாக எழுத்தை முடித்துவிட்டார்கள். கனடாப் படிவத்தில் 'திருமணமாகாதவர்' என்றே இருந்தது. அவள் மனதில் அது பொய்யுமல்ல. தாலி கட்டவில்லையே.

இரண்டு வருடம் கழித்து, இங்கே வேலையும் எடுத்து, அவரைத் தன் பொறுப்பில் கனடாவுக்கு அழைக்க, அதாவது ஸ்பொன்சர் செய்ய வந்தாள். விவாக அத்தாட்சிப் பத்திரத்தை என்னிடம் தந்தாள். திகதியைப் பார்த்தேன். அவள் விமான நிலையத்தில் இறங்கிய திகதியையும் கேட்டேன். அவளுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "அண்ணா, இந்தத் திகதியை ஒன்றும் செய்ய முடியாதா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த விதியைப் பலர் இன்னும் அறியாமல் இருக்கிறார்கள். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்து வந்திறங்கும் நேரத்தில் உங்களுக்கு இருந்த கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ நீங்கள் அறிவிக்காமல் மறைத்திருந்தால், பிறகு அவரைக் குடும்ப வகையில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. எத்தனை வருடம் போனாலும் விதி அதுதான். 2019 செப்டெம்பரில் இதற்கு ஒரு தளர்வு கொண்டுவந்தார்கள். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் வந்தவருக்கே அந்த வீசா கிடைத்திருக்காது என்றால் அந்தத் தளர்வு பொருந்தாது. திருமணமாகாத பிள்ளை என்ற தகுதியில் வந்தவளின் நிலை அதுவே. இன்னும் மோசமானது, தவறான தகவல் தந்தவர் என்று அவளுடைய சொந்த வதிவிட உரிமையையே கேள்விக்கு உட்படுத்தலாம். நான் அவளிடம் மொழிபெயர்ப்புக்குக் காசு வாங்கவில்லை. வழக்கறிஞர் ஒருவரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஆகவே காதலிக்கும் பிள்ளைகளே, உங்களில் ஒருவருடைய கனடா விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு எழுத்து வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்றால், விமானம் ஏற முதல் குடிவரவுத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அப்பாவுக்குப் பயந்து அரசாங்கத்துக்கு ஒளிப்பது நல்ல கணக்கு அல்ல. அப்பாவின் கோபம் பேரப்பிள்ளை பிறந்தால் ஆறிவிடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

நிச்சயிக்கப்பட்ட பெண்ணையோ மாப்பிள்ளையையோ அழைப்பதற்கென்று கனடாவில் தனி வீசா இன்று இல்லை. முன்பு இருந்தது. தொண்ணூறுகளில் அப்படி வந்திறங்கிக் குறித்த நாட்களுக்குள் தாலி கட்டிக்கொண்ட அக்காமார் ஸ்காபரோவில் நிறைய இருக்கிறார்கள். 2002 ஜூனில் புதிய சட்டம் வந்ததோடு அந்த வகை போய்விட்டது. அந்த அக்காமார்தான் இன்றைக்கும் "பொன்சரை அப்படியே போடு, வந்து கட்டலாம்" என்று பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

மற்ற நாடுகளில் இருக்கும் உறவினர்களுக்காக இரண்டொரு வரி. அமெரிக்காவில் அப்படியொரு வீசா உண்டு. ஆனால் அழைப்பவர் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும், கிரீன் கார்ட் போதாது. கடந்த இரண்டு வருடத்துக்குள் நேரில் சந்தித்திருக்க வேண்டும், வந்து 90 நாட்களுக்குள் திருமணம் செய்ய வேண்டும். பிரித்தானியாவில் ஆறு மாதம் தருகிறார்கள், அந்த ஆறு மாதத்தில் வேலை செய்ய முடியாது. வருமான நிபந்தனை 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக ஏறியதிலிருந்து லண்டன் பையன்கள் இரவு வேலையும் தேடுகிறார்கள். அவுஸ்திரேலியாவிலும் அத்தகைய வீசா இருக்கிறது. ஜேர்மனிக்குப் போகிறவர் பொதுவாக ஆரம்ப நிலை ஜேர்மன் மொழிப் பரீட்சையைக் கொழும்பிலேயே எழுதிச் சித்தியடைந்துவிட்டுப் போக வேண்டும். அண்ணனுக்கு ஒரு நாட்டில் நடந்தது தம்பிக்கு இன்னொரு நாட்டில் நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

திருமணம் செய்து கனடாவுக்கு அழைக்க வழி இரண்டு. ஒன்று, இங்கே இருப்பவர் ஊருக்கோ இந்தியாவுக்கோ போய்த் திருமணம் செய்து, பதிந்து, திரும்பி வந்து விண்ணப்பிப்பது. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் செய்வது இதுதான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று திருமணம் செய்திருக்க வேண்டும். 2015 ஜூன் 11க்குப் பிறகு, தொலைபேசியிலோ இணையத்திலோ ஒருவருக்குப் பதில் இன்னொருவரை நிறுத்தியோ செய்த திருமணத்தைக் குடிவரவுக்கு ஏற்பதில்லை. சூம் கலியாணம் உறவினர் பார்ப்பதற்கு நல்லது. மாப்பிள்ளை மட்டும் சூமில் வரக் கூடாது.

மற்றது, அவரை விசிட்டர் வீசாவில் வரச்செய்து இங்கே திருமணம் செய்து, இங்கிருந்தே விண்ணப்பிப்பது. வீசா கிடைப்பதுதான் பாடு. பார்வையாளராக வரும் ஒருவருக்குப் பிற்பாடு நிரந்தரமாகத் தங்கும் எண்ணமும் இருப்பதைக் கனடாச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை. அனுமதித்த காலம் முடிந்தால் திரும்பிப் போவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். அதனால் விமான நிலையத்தில் "சும்மா ஊர் பார்க்க வந்தேன்" என்று, பெட்டிக்குள் கூறைச் சேலையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டாம். உள்ளேயிருந்து விண்ணப்பிப்பவர் வேலை அனுமதியும் கேட்கலாம், சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் அந்த வகையில் நிராகரித்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. வெளியிலிருந்து விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் ஸ்பொன்சர் மேன்முறையீடு செய்யலாம். சேர்ந்திருக்கும் சுகத்துக்கு அந்த உரிமையை விலையாகக் கொடுக்கிறீர்கள். சிலருக்கு அது சரியான விலையாகவே இருக்கும்.

திருமணமே செய்ய முடியாதவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. இதைச் சபையில் பேசுவது குறைவு, ஆனால் என் மேசைக்கு வந்திருக்கிறது. இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை ஒரே பாலினத்தவரின் உறவை இன்னும் குற்றமாக வைத்திருக்கிறது. கனடா 2005இலேயே அவர்களின் திருமணத்தைச் சட்டமாக்கிவிட்டது. அப்படிப்பட்ட இணை இங்கே வந்து திருமணம் செய்ய வீசாவும் கிடைக்கவில்லை, அங்கே சேர்ந்து வாழவும் முடியவில்லை என்றால், குறைந்தது ஒரு வருட உறவையும் தடையையும் நிரூபித்து விண்ணப்பிக்கலாம். நிரூபிப்பதுதான் கடினம். ஒளித்து வாழ்ந்தவர்களிடம் படம் எப்படி இருக்கும்?

யார் ஸ்பொன்சர் செய்யலாம்? பதினெட்டு வயதான குடியுரிமையாளர் அல்லது நிரந்தர வதிவிடம் பெற்றவர். அகதிக் கோரிக்கை தீராதவர், மாணவ வீசாவில் இருப்பவர் எல்லாம் இப்போது முடியாது. முன்பு தானே கணவனாகவோ மனைவியாகவோ ஸ்பொன்சரில் வந்தவர், வதிவிடம் கிடைத்து ஐந்து வருடம் ஆகும் வரை இன்னொரு துணையை அழைக்க முடியாது. வாழ்க்கைத் துணைக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று இல்லை. பெற்றோரை அழைப்பதற்கான விதியோடு இதைக் குழப்பிக்கொண்டு இரண்டு வருடம் இரண்டு வேலை செய்த பையனை எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு அவருடைய செலவு என் பொறுப்பு என்று கையெழுத்து வைக்கிறீர்கள். இடையில் பிரிந்தாலும் அந்தக் கையெழுத்து பிரியாது. கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாண அரசின் நடைமுறை தனியாக உண்டு.

இனி, அதிகாரி பார்க்கும் பார்வை. திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும், முதன்மையாகக் குடிவரவுக்காகச் செய்ததாகவும் இருக்கக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் விண்ணப்பம் போய்விடும். அந்த அதிகாரிக்குச் சாதகப் பொருத்தம் தெரியாது. பத்து நாள் விடுமுறையில் போய், ஐந்தாம் நாள் பார்த்து, எட்டாம் நாள் எழுத்து வைத்து, பத்தாம் நாள் விமானம் ஏறியவரின் கோப்பு அவருக்கு எப்படித் தோன்றும் என்று யோசியுங்கள்.

ஒருமுறை ஒரு தம்பதியின் இரண்டு வருட வாட்ஸ்அப் செய்திகளைப் பெயர்த்தேன். நல்ல அன்பான செய்திகள். சமைத்தாயா, மழையா, தலையிடி மாறிவிட்டதா. ஆனால் அந்தப் பெண் ஓரிடத்திலும் கணவனின் பெயரைச் சொல்லவில்லை. எல்லாம் "இஞ்சாருங்கோ". இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? "இங்கே பாருங்கள்" என்று நூறு முறை எழுதினால் அவள் யாரையோ அதட்டுவது போல இருக்கும். விட்டுவிட்டால் யாருக்கு எழுதினாள் என்றே தெரியாது. பிறகு நேர்காணலில் அவளிடம் கேட்டே விட்டார்கள், உன் கணவனின் பெயரை நீ ஏன் எழுதுவதில்லை என்று. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைக் குறிப்பில் எப்படிப் பதிந்தார்களோ தெரியாது. அன்றிலிருந்து அத்தகைய செய்திகளுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் குறிப்புச் சேர்க்கிறேன்: மரபுவழி மனைவி கணவனை அழைக்கும் சொல், பெயர் சொல்வதில்லை என்று.

நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சம்பந்தம் யார் மூலம் வந்தது, ஏன் இவ்வளவு விரைவாக முடிந்தது, யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன். மச்சானை மச்சாள் கட்டியிருந்தால் உறவை ஒளிக்க வேண்டாம். கனடாவில் அதற்குத் தடை இல்லை. தேனிலவு போகவில்லை என்றால் போகவில்லை என்றே எழுதுங்கள். நல்லூருக்குப் போய் அர்ச்சனை செய்ததைத் தேனிலவாக்க வேண்டாம்.

கலியாணப் பட அல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் படப்பிடிப்பாளர்கள் கெட்டிக்காரர்கள். மணமக்களை வெட்டி எடுத்துப் பனிமலைக்கு முன்னும் ஈபிள் கோபுரத்துக்குக் கீழும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பக்கங்களை அனுப்பாதீர்கள். "பாரிசுக்கு எப்போது போனீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் படம், மாமியார் கண் துடைக்கும் படம், மின்சாரம் போய் எல்லோரும் வியர்த்து நிற்கும் படம், இவைதான் நல்ல சாட்சி. நீங்கள் பேசாத மாதங்களுக்குப் பேசியது போலச் செய்தி உண்டாக்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்சிக்காரரிடமும் போகாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு இந்த ஆலோசனை சொல்லும் உரிமை வழக்கறிஞர்களுக்கும், 'கல்லூரி' என்று பெயர் கொண்ட ஒழுங்குமுறை அமைப்பில் பதிவுபெற்ற ஆலோசகர்களுக்கும், இன்னும் சிலருக்கும் மட்டுமே உண்டு. பொய்த் தகவல் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. ஏஜென்சிக்காரருக்கு அல்ல, உங்களுக்கு. அதோடு, ஆங்கிலம் படித்த தங்கச்சியை வைத்து ஆவணங்களைப் பெயர்க்கவும் வேண்டாம். குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்கமாட்டார்கள். எனக்கு வருமானம் வரட்டும் என்று சொல்லவில்லை.

நிகழ்ச்சிக்கு முன்னரே ஒரு தாயார் கேள்வி அனுப்பியிருக்கிறார். மகனுக்குச் சித்திரையில் எழுத்து முடிந்துவிட்டதாம், தாலிகட்டு அடுத்த வருடமாம், படிவத்தில் திருமணத் திகதி என்ற இடத்தில் எதைப் போடுவது என்று கேட்கிறார். அம்மா, சித்திரைத் திகதியைப் போடச் சொல்லுங்கள், அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கிறபடி. தாலிகட்டு இன்னும் நடக்கவில்லை, எப்போது நடக்கும், ஏன் தள்ளியிருக்கிறது என்பதை அந்த ஒரு பக்கக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். நேர்காணலில் மருமகளிடம் "கலியாணம் முடிந்துவிட்டதா?" என்று கேட்டால், "இன்னும் இல்லை" என்று அவள் பழக்கத்தில் சொல்லிவிடாமல் இருக்க, அவளோடு இன்றைக்கே ஒருமுறை பேசிவிடுங்கள்.