வருடக் கடைசியில் நமக்கு நாமே போடும் பேர்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

பனி இறங்கிய இந்த டிசம்பர் காலையில், கையில் சாயத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்களும், அடுப்படியில் ரொட்டி தட்டியபடியே காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்திருப்பவர்களும் இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறேன். வருடம் முடிகின்ற வேளையில் நம்மைப் பற்றி நாமே நல்லவிதமாக உணர்வதற்குச் செய்யக்கூடிய சின்னச் சின்னக் காரியங்கள் என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் 32 வருடங்கள் கற்பித்த எனக்கு இது நெடுநாளாகவே மனதில் கிடக்கின்ற விடயம். ஏனென்றால், டிசம்பர் பிறந்துவிட்டால் தண்ணீர் பிடிக்கின்ற பீலிக்கரையிலும் பஸ் தரிப்பிடத்திலும் நான் திரும்பத் திரும்பக் கேட்கின்ற வாசகம் ஒன்று உண்டு: "இந்த வருசமும் ஒண்ணும் நடக்கல." அதைச் சொல்பவரைப் பார்த்தால், மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாமியாருக்கு மாதம் தவறாமல் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்து, மழையிலும் வெயிலிலும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்த ஒரு பெண்ணாக இருப்பார். இத்தனையும் செய்தவருக்கு அந்த வருடம் ஒன்றும் நடக்காத வருடமாகத் தோன்றுவது ஏன் என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன்.

என் எண்ணத்தில், நாம் பிறரால் நிறுக்கப்பட்டே வளர்ந்த சனம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக ஆரம்பித்த காலத்திலிருந்து இன்றுவரை, நம் வீட்டுப் பெண்களின் ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுக்கின்ற ஒரு தராசின் முன்னால் போய் நின்றிருக்கிறது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, மீதியைத்தான் எழுதுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகின்ற அந்தக் குறித்த கிலோவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். 'பேர்' என்ற அந்தச் சொல்லைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் சம்பளத்துக்கு நம் மக்கள் வைத்திருக்கின்ற சொல் 'பேர்'. "இன்னைக்கு எனக்கு அரைப்பேர்தான்" என்று ஒரு பெண் சொல்லும்போது, சம்பளம் பாதியானதை மட்டும் அவள் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். அப்படி 300 நாட்கள் இன்னொருவர் கையில் நிறுக்கப்பட்ட மனது, வருடக் கடைசியில் தன்னைத் தானே பார்க்கும்போதும் அதே தராசைத்தான் எடுக்கிறது; அதே கழிவையும் கழிக்கிறது.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: வருடக் கடைசியில் ஒரு நாளாவது நமக்கு நாமே பேர் போட வேண்டும். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார். இந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருந்தது தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒற்றை அறைக் காம்பரா. அடுப்புப் பக்கச் சுவர் விறகுப் புகையில் கரிய மை பூசியது போல இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு முன்னால்தான் வெள்ளையடிப்பார்கள். அந்தக் கரிச்சுவரில், கதவுக்குப் பின்னால், வெள்ளைப் புள்ளிகள் இருப்பதை நான் சிறு வயதில் கவனித்தேன். அம்மா இரவில் வெற்றிலை போடும்போது, சுண்ணாம்பு தொட்ட விரலைச் சில நாட்களில் மட்டும் சுவரில் ஒற்றி வைப்பார். எல்லா நாளும் வைக்க மாட்டார். அது கொழுந்துக் கணக்கு என்றே நான் நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் கிலோ வரவில்லை, இறாத்தல் கணக்குதான். இறாத்தல் கூடிய நாளில் அம்மா புள்ளி வைக்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அப்பா நோயில் விழுந்து பல மாதங்கள் வேலைக்குப் போகவில்லை. அம்மாவும் அவரைப் பார்த்துக்கொண்டு அரை நாளும் கால் நாளுமாகத்தான் மலைக்குப் போனார். அந்த வருடம் வெள்ளையடிப்பதற்கு முதல் நாள் இரவு, அம்மா குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் புள்ளிகளை எண்ணினார். முந்திய வருடத்தைவிட அதிகமாக இருந்தன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, இந்த வருசம் கொழுந்து கொறஞ்சிருக்கே, புள்ளி எப்படிக் கூடுச்சு?" என்று கேட்டேன். அம்மா சொன்ன பதில் இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. "கொழுந்துக் கணக்க மடுவத்துல எழுதிக்குவாங்க பிள்ள. இது என் கணக்கு." மடுவம் என்பது கொழுந்து நிறுக்கின்ற இடம்.

பிறகு ஒவ்வொரு புள்ளியையும் காட்டிச் சொன்னார். தொங்கல் வீட்டுப் பெரியம்மாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்த இரவு விடிய விடியக் கண்விழித்திருந்தது ஒரு புள்ளி. கோபத்தில் நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டது ஒரு புள்ளி. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து முதன்முதலாக ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதையும் குடிக்க வைத்தது ஒரு புள்ளி. சில புள்ளிகள் எதற்கென்று அவருக்கே நினைவில்லை. "ஏதோ நல்லதுதான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மறுநாள் காலையில் அந்தச் சுவர் முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

நேயர்களே, நான் செய்யச் சொல்கின்ற முதல் காரியமும் அதுவே. பிள்ளைகளின் கொப்பியில் மிஞ்சிய நான்கு கடதாசி போதும். சுவரில் தொங்குகின்ற நாட்காட்டியைக் கழற்றி வீசுவதற்கு முன், ஒவ்வொரு மாதமாகப் புரட்டுங்கள். சீட்டுக் கட்டிய திகதி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த திகதி, கோயில் திருவிழா என்று எதையாவது கிறுக்கி வைத்திருப்பீர்கள். அந்தக் கிறுக்கலைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த மாதத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தானாக நினைவுக்கு வரும். மாதத்துக்கு இரண்டு என்று எழுதினாலும் 24 காரியங்கள் ஆகிவிடும். செய்யாமல் விட்டதை அந்தக் கடதாசியில் எழுதக் கூடாது. அதற்கு வேறு நாட்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ரொபர்ட் எமொன்ஸ், மைக்கல் மெக்கலோ என்ற இரண்டு உளவியலாளர்கள், வாரத்துக்கு ஒரு தடவை நன்றி சொல்லத் தோன்றுகின்ற விடயங்களை ஒரு குழுவினரையும், தொல்லை தந்த விடயங்களை இன்னொரு குழுவினரையும் எழுத வைத்துப் பார்த்தார்கள். நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிக நிறைவு கொண்டிருந்தார்கள் என்று 2003ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் கரிச்சுவர்தான் கண்ணில் வந்தது.

நமக்குச் சித்திரையில்தானே வருடம் பிறக்கிறது, டிசம்பரில் என்ன கணக்கு என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். சித்திரையிலும் செய்யுங்கள். ஆனால் காம்பராச் சுவரில் நாட்காட்டி மாறுவது இப்போதுதான். மனது சோர்ந்து போவதும் இப்போதுதான்.

இந்த வருடம் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்களையும் நான் அறிவேன். நோயில் கிடந்தவர்கள், ஒருவரை இழந்தவர்கள், வேலை போனவர்கள். அவர்களுக்கு நான் கவ்வாத்து மலையைத்தான் காட்டுவேன். மூன்று முதல் ஐந்து வருடங்களுக்கு ஒரு தடவை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறோம். வெட்டிய மலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் குச்சிகளாக, பட்டுப்போனது போலவே இருக்கும். வேரில் சேர்த்து வைத்திருக்கின்ற மாச்சத்தைக் கொண்டுதான் அந்தச் செடி மறுபடியும் துளிர்க்கிறது, அதற்கு மாதக்கணக்காகிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் எந்தத் துரையும் எந்தக் கங்காணியும் கூடையோடு போய்க் கொழுந்து கேட்பதில்லை. செடிக்குக் கொடுக்கின்ற அந்த அவகாசத்தை நமக்கு நாம் ஏன் கொடுப்பதில்லை? அப்படிப்பட்ட ஒரு வருடத்தில், எழுந்து முகம் கழுவி அடுப்புப் பற்ற வைத்த நாளுக்கும் ஒரு புள்ளி வைக்கலாம். என் தாயார் வைத்திருப்பார்.

இந்த மாதப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் தொடங்கிவிடுகிறது. நல்லதண்ணிப் பக்கமாக ஏறியவர்களுக்குத் தெரியும், உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். எவ்வளவு வேகமாக ஏறினாய், வழியில் எத்தனை தடவை உட்கார்ந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. முழங்கால் வலியோடு விடிய விடிய ஏறி வந்த ஒரு பாட்டி ஏழு தடவை அடித்துவிட்டு, கயிற்றை விடாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வருடக் கடைசியில் நம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு கயிறு கையில் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த காரியம் கைமாத்து. பெரிய கடனைப் பற்றி நான் பேசவில்லை. அது டிசம்பரில் தீரப் போவதில்லை. பக்கத்துக் காம்பராவில் வாங்கிய இருநூறு ரூபாய், தீபாவளிக்கு வாங்கி இன்னும் பரணில் கிடக்கின்ற முறுக்கு உரல், இரவலாக வாங்கிய குடை, இவற்றைத்தான் சொல்கிறேன். இவை மனதில் ஓர் ஓரத்தில் முள் போலத் தைத்துக்கொண்டே இருக்கும். அந்த வீட்டைத் தாண்டும்போது நம்மை அறியாமலே நடை வேகமாகும். உரலைக் கழுவித் துடைத்து, நான்கு முறுக்கோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பணம் இல்லாவிட்டால், "அக்கா, மறக்கல, தை மாசம் தர்றேன்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வாருங்கள். அப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது முதுகு தானாக நிமிர்வதை நீங்களே உணர்வீர்கள். நான் உணர்ந்திருக்கிறேன்.

அதற்கடுத்து, பேச்சு விட்டுப்போன ஒருவருக்கு ஓர் அழைப்பு. 1964ஆம் ஆண்டில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தினால் நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாகியபோது பிரியாத குடும்பம் இந்த மலைகளில் குறைவு. என் அத்தையும் தலைமன்னாரில் கப்பல் ஏறித்தான் போனார். இப்போது கோத்தகிரிப் பக்கத்தில் இருக்கிறார். சண்டை ஒன்றுமில்லை, வேலை வேலை என்று விட்டுப்போன பேச்சுத்தான். போன டிசம்பரில் நான் அழைத்தபோது நலம்கூட விசாரிக்கவில்லை, "லயத்துக்குப் பின்னால நான் நட்ட கொய்யா நிக்குதா?" என்றுதான் கேட்டார். மறுநாள் நான் பஸ் ஏறிப் பழைய தோட்டத்துக்குப் போய், நிற்கின்ற அந்த மரத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். என் போன வருடக் கணக்கில் கடைசியாக எழுதியது அந்தக் கொய்யா மரம்தான்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பாதியில் நிற்கின்ற வேலைகளைப் பற்றி இன்னும் விரிவாகப் பேச வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னிப் பாதியில் விட்ட கம்பளிச் சட்டையோ, பித்தான் அறுந்த பாடசாலைச் சட்டையோ, ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்து 31ஆம் திகதிக்குள் முடியுங்கள். ஒன்றே போதும். மார்கழி பஜனைக்கு விடியற்காலையில் எழுகின்ற பிள்ளைகளை, குரல் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை பாராட்டுங்கள். மீதியை இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தால் பேசுவோம்.

என் கொப்பியில் இந்த மாதத்துப் பக்கம் இன்னும் நிறையவில்லை. வீட்டுக்குப் போனதும் அத்தைக்கு அழைப்பு எடுக்க வேண்டும், கொய்யா காய்த்திருக்கிறது.

வணக்கம்.